அப்பாவுக்கு எருக்கம்வேர்ப் பொடி கொடுக்கலாமா, டாக்டர்?

ஆரல்வாய்மொழிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் இது. அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அப்பாவுக்கு 66 வயது. நுரையீரலில் புற்றுநோய். திருவனந்தபுரத்தில் கீமோ எடுக்கிறார், இரண்டு சுற்று முடிந்திருக்கிறது. முழுவதும் குணமாக்க முடியாது, கட்டுக்குள் வைக்கலாம் என்று அங்குள்ள மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். இதற்கெல்லாம் முன்பிருந்தே, பத்து வருடமாக, இதயம் பலவீனமாகி ஒழுங்கில்லாமல் துடிப்பதற்காக டிஜாக்சின் மாத்திரையும், கால் வீக்கம் வடிய நீர் மாத்திரையும் சாப்பிட்டு வருகிறார்.

எருக்கம்வேரிலிருந்து வெளிநாட்டில் நுரையீரல் புற்றுக்கு மருந்து கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று அண்ணன் ஒரு வீடியோ பார்த்திருக்கிறார். அந்த வீடியோவைப் போட்டவரிடமே ஒரு பொட்டலம் பொடி வாங்கினார். அது தீர்ந்ததும், காற்றாலைகள் நிற்கும் பொட்டலில் வெள்ளெருக்கு வேரைத் தோண்டி, பட்டையைச் சுரண்டி, நிழலில் காயவைத்து வீட்டிலேயே இடித்தார். காலையும் மாலையும் அரை ஸ்பூன், தேனில். அப்பா ஒன்பது நாள் சாப்பிட்டிருக்கிறார். பிறகு சோறு இறங்கவில்லை, ஓயாத குமட்டல், எழுந்து நின்றால் தலைசுற்றல். கீமோவின் பக்கவிளைவு என்று எல்லோரும் நினைத்தார்கள். "டியூப் லைட்டு மஞ்சளா எரியுதே" என்று அப்பா சொன்னபோதுதான் மகளுக்கு ஏதோ உறுத்தியிருக்கிறது.

அந்தச் சகோதரி பள்ளியில் வேதியியல் ஆசிரியை. ஆராய்ச்சிக் கட்டுரைகளின் சுருக்கங்களைத் தேடிப் படித்திருக்கிறார். "அண்ணன் சொல்வது முழுப் பொய் இல்லை டாக்டர், நிஜமாகவே ஆராய்ச்சி நடந்திருக்கிறது. நான் யார் பக்கம் நிற்பது?" என்று கேட்கிறார்.

கடிதம் கிடைத்த அன்றே அவருக்கு இரண்டு வரி பதில் அனுப்பினேன்: பொடியை இப்போதே நிறுத்துங்கள், இன்றே ஈசிஜி எடுங்கள். எடுத்தார்கள். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 46, ரத்தத்தில் பொட்டாசியம் குறைவு. நான்கு நாள் மருத்துவமனையில் வைத்துப் பார்த்து, டிஜாக்சினையும் தற்காலிகமாக நிறுத்தி, சரிசெய்து அனுப்பியிருக்கிறார்கள். அப்பா இப்போது வீட்டில் இருக்கிறார். ஆனால் அண்ணன் இன்னும் விடவில்லை. "அளவு கூடிப்போச்சு, அவ்வளவுதான். கால் ஸ்பூனாகக் குறைப்போம். ரெண்டும் ஒரே மாதிரி வேலை செய்யும்னா அந்த இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்திட்டு இதையே கொடுப்போம்" என்கிறாராம். இனி வருவது அந்தச் சகோதரிக்கு.

அன்புள்ள சகோதரி,

உங்கள் அண்ணன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். "குணமாக்க முடியாது" என்ற வார்த்தையைக் கேட்டுவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் சும்மா உட்கார்ந்திருப்பது கொடுமையான விஷயம். கைக்கு ஒரு வேலை வேண்டும். அவர் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு பொட்டலுக்குப் போனார். அவர் கேள்விப்பட்ட செய்தியிலும் ஒரு பகுதி உண்மைதான். எந்தப் பகுதி உண்மை, எங்கே அறுந்துபோகிறது என்று பார்ப்போம். நீங்கள் வேதியியல் படித்தவர் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எருக்கில் இருப்பது என்ன?

நம் குமரி மாவட்டம் பச்சைக்குப் பேர்போனது. ஆனாலும் கணவாய்க் காற்று அடிக்கும் உங்கள் பக்கத்துப் பொட்டலிலும் கடற்கரை மணலிலும் ஆடுமாடு அதிகம் சீண்டாமல் எருக்கு தழைத்து நிற்கிறது. நாம் இங்கே அதிகம் பார்ப்பது பெரிய எருக்கு. ராஜஸ்தான் பாலைவனத்திலிருந்து அரேபியா, வட ஆப்பிரிக்கா வரைக்கும் பரவியிருப்பது அதன் தம்பி. தாவரவியலில் கலோட்ரோபிஸ் புரோசெரா என்பார்கள். நீங்கள் படித்த புற்றுநோய் ஆராய்ச்சி இந்தப் பாலைவன எருக்கின் வேர்ப்பட்டையில் நடந்தது. இரண்டிலும் ஓடும் விஷம் ஒரே குடும்பம்தான்.

அந்தக் குடும்பத்துக்குக் கார்டினோலைடு என்று பெயர். நான்கு வளையம் கொண்ட ஸ்டீராய்டு கூடு, ஒரு பக்கம் ஐந்து அணு லாக்டோன் வளையம், மறுபக்கம் சர்க்கரை. எருக்கின் தனித்தன்மை அந்தச் சர்க்கரையில்தான் இருக்கிறது. கலோட்ரோபினில் சர்க்கரை ஒரே இடத்தில் தொங்குவதில்லை, இரண்டு இடத்தில் கூட்டோடு பூட்டிக்கொண்டிருக்கும். உஷாரின், வோருஷாரின் என்ற இரண்டில் நைட்ரஜனும் கந்தகமும் சேர்ந்த வளையம் வேறு உண்டு. இதை வகுப்பில் கரும்பலகையில் வரைந்து காட்டினால் பிள்ளைகள் வியந்து பார்ப்பார்கள்.

இனி உங்கள் அப்பாவின் டிஜாக்சின் மாத்திரையைப் பாருங்கள். அதே ஸ்டீராய்டு கூடு, அதே லாக்டோன் வளையம், மூன்று சர்க்கரை. அதுவும் கார்டினோலைடுதான். டிஜிட்டாலிஸ் என்ற ஐரோப்பியச் செடியின் இலையிலிருந்து 1930-ல் பிரித்தெடுத்தார்கள். அண்ணன் "இங்கிலீஷ் மாத்திரை" என்று ஒதுக்குவதும் ஒரு நச்சுச்செடியின் சாறுதான். எருக்கு எந்தக் குடும்பமோ அந்தக் குடும்பத்து மருந்தைத்தான் உங்கள் அப்பா பத்து வருடமாகச் சாப்பிட்டு வருகிறார். அதன் மேல் வேர்ப்பட்டையையும் கொடுத்ததால் ஒரே மருந்து இரண்டு பெயரில் உள்ளே போயிருக்கிறது.

இதயத்துக்கு என்ன ஆனது?

உடலின் ஒவ்வொரு செல்லின் சவ்விலும் ஒரு பம்ப் இருக்கிறது. சோடியத்தை வெளியே தள்ளி, பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். 1957-ல் இதைக் கண்டறிந்த டென்மார்க் விஞ்ஞானி ஸ்கோவுக்கு 1997-ல் வேதியியல் நோபல் கிடைத்தது. கார்டினோலைடுகள் இந்தப் பம்பில்தான் போய் ஒட்டிக்கொள்கின்றன. கொஞ்சம் ஒட்டினால் செல்லுக்குள் கால்சியம் கூடி இதயம் சற்று வலுவாகச் சுருங்கும், துடிப்பும் நிதானமாகும். அதுதான் மருந்து. கூடுதலாக ஒட்டினால் துடிப்பு மந்தமாகி, தடுமாறி, நின்றே போகலாம். மஞ்சள் அரளி விதை தின்றவர்களை மருத்துவமனையில் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய ஈசிஜியும் உங்கள் அப்பாவின் ஈசிஜியும் ஒரே பாஷையில்தான் பேசும்.

அவர் விஷயத்தில் இன்னும் இரண்டு சேர்ந்துகொண்டன. நீர் மாத்திரை பொட்டாசியத்தை வெளியேற்றும், வாந்தியும் அதையே செய்யும். பொட்டாசியம் குறையக் குறைய இந்த மருந்து பம்பில் இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். குமட்டலும் பசியின்மையும்தான் இந்த நஞ்சின் முதல் அறிகுறி. கீமோவுக்கும் அதே அறிகுறி என்பதால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. விளக்கு மஞ்சளாகத் தெரிந்தது இந்த மருந்துகள் மிஞ்சும்போது கண்ணில் வரும் மாற்றம். நல்லவேளை, அதை அவர் வாய்விட்டுச் சொன்னார். நீங்களும் காதில் வாங்கினீர்கள்.

அளவைக் குறைத்துக் கொடுத்தால்?

கூடாது. மாத்திரையை நிறுத்திவிட்டுப் பொடியை மட்டும் கொடுப்பதும் கூடாது.

அப்பா சாப்பிடுவது அரை மாத்திரை, வாரத்தில் ஐந்து நாள் என்று எழுதியிருந்தீர்கள். அரை மாத்திரையில் இருப்பது 125 மைக்ரோகிராம். ஒரு கிராமில் எட்டாயிரத்தில் ஒரு பங்கு. இதயத் தளர்ச்சிக்கு ரத்தத்தில் இந்த மருந்து ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 முதல் 0.9 நானோகிராம் வரை இருந்தால் போதும். 2-ஐத் தாண்டினால் பெரும்பாலும் ஆபத்து. மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி அவ்வளவே. வயது, சிறுநீரகம், பொட்டாசியம் மூன்றையும் பார்த்துத்தான் வாரத்தில் இரண்டு நாள் விடுப்பு கொடுத்திருக்கிறார் உங்கள் இதய மருத்துவர்.

கால் ஸ்பூன் வேர்ப்பொடியில் எத்தனை மைக்ரோகிராம்? தோண்டிய அண்ணனுக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது. ஒரு செடிக்கும் அடுத்த செடிக்கும் மாறும். மழைக்கு முன்னும் பின்னும் மாறும். இலைக்கும் வேருக்கும் மாறும். பால் வடிந்து காய்ந்துவிட்டால் நஞ்சு போய்விடும் என்று அண்ணன் நம்புகிறார். காயவைப்பதால் கார்டினோலைடு அழியாது. ஆராய்ச்சிக்காரர்களே காய்ந்த பட்டையிலிருந்துதான் அதைப் பிரிக்கிறார்கள்.

டிஜிட்டாலிஸின் கதையையும் அண்ணனிடம் சொல்லுங்கள். இங்கிலாந்தில் ஒரு மூதாட்டி உடல் வீக்கத்துக்கு இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகளைச் சேர்த்து ஒரு கஷாயம் கொடுத்துவந்தார். வில்லியம் விதரிங் என்ற மருத்துவர் அதில் வேலை செய்வது டிஜிட்டாலிஸ் என்று அடையாளம் கண்டு, எந்த மாதத்து இலை, எவ்வளவு, எப்போது நிறுத்துவது என்று பத்து வருடம் நோயாளிக்கு நோயாளி குறித்துவைத்து 1785-ல் வெளியிட்டார். தோற்றுப்போனவற்றையும் மறைக்காமல் எழுதினார். அந்தப் பாட்டி வைத்தியம் மாத்திரையானது அப்படித்தான். எருக்குக்கு அந்த வேலையை இன்னும் யாரும் செய்து முடிக்கவில்லை.

வெள்ளெருக்கில் விஷம் இல்லையாமே?

இதை நம் ஊரில் அடிக்கடி கேட்கிறேன். பிள்ளையாருக்கு உகந்தது என்பதால் வந்த நம்பிக்கை. வெள்ளை என்பது பெரிய எருக்கின் பூ நிறம் மட்டும்தான், பாலில் ஓடுவது அதே நஞ்சு. பூசைக்கு வைப்பதில் தவறில்லை. உள்ளே சாப்பிட நிறம் உத்தரவாதம் ஆகாது.

"அப்பாவே சின்ன வயதில் காலில் முள் குத்தினால் எருக்கம்பால் வைப்பார், ஒன்றும் ஆனதில்லை" என்றும் எழுதியிருந்தீர்கள். சரிதான். அங்கே வேலை செய்வது வேறு பொருள். எருக்கம்பாலில் புரதத்தை அறுக்கும் என்சைம்கள் உண்டு. அவை தோலை இளக்கி முள்ளை விடுவிக்கும். மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டில் பாலைத் திரித்து வகாஷி என்ற பாலாடைக்கட்டி செய்ய எருக்கிலையைப் பயன்படுத்துவதும் இந்த என்சைமுக்காகத்தான். குதிகால் தோலில் ஒரு சொட்டு வைப்பதும் வயிற்றுக்குள் தினம் இரண்டு வேளை அனுப்புவதும் ஒன்றல்ல.

அப்படியானால் ஆராய்ச்சி பொய்யா?

இல்லை. பாலைவன எருக்கின் வேர்ப்பட்டையில் ஆக்ஸோவோருஷாரின் வகைப் பொருளைப் பிரித்தார்கள். அது நுரையீரல் புற்றுசெல்களை ஆய்வகத்தில் நன்றாகவே கொன்றது. ஆனால் அதை அப்படியே மனிதருக்குக் கொடுக்க யாரும் முன்வரவில்லை. அதிலிருந்த ஆல்டிஹைடு தொகுதியை ஆல்கஹாலாக ஒடுக்கி ஒரு புதிய மூலக்கூறு செய்தார்கள். யுஎன்பிஎஸ் 1450 என்று அதற்கு எண் கொடுத்தார்கள். அது மனிதர்களிடம் முதல் கட்டச் சோதனை வரை போனது. அங்கிருந்து மருந்தாகக் கடைக்கு வரவே இல்லை. வீடியோவில் முதல் பாதியைச் சொல்லிவிட்டுப் பின்பாதியை விட்டுவிட்டார்கள். அண்ணன் இடித்த பொடியில் அந்த மாற்றப்பட்ட மூலக்கூறு இருக்கவும் முடியாது. மாற்றம் நடந்தது குடுவையில், வேரில் அல்ல.

நீங்கள் படித்த சுருக்கங்களில் "எலிகளில் கட்டி சுருங்கியது" என்று இருந்திருக்கும். இங்கேதான் ஒரு பெரிய பொறி இருக்கிறது. உங்களைப் போன்ற கவனமான வாசகரும் இதில் விழுவது இயல்பு. எருக்கிலையைத் தின்று வளரும் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியைப் பார்த்திருப்பீர்கள். அதன் புழு இந்த நஞ்சைத் தின்று உடலில் சேர்த்துவைத்துக்கொள்கிறது, பறவைகள் அதைத் தொடப் பயப்படும். புழுவுக்கு ஒன்றும் ஆவதில்லை. எலிக்கும் ஓரளவு அப்படித்தான். எலியின் உடல் செல்களில் பொதுவாக உள்ள பம்ப் வகை, மனிதருடையதைவிட நூறு மடங்குக்கும் மேல் இந்த நஞ்சைத் தாங்கும். அந்த எலிக்குள் மனிதப் புற்றுசெல்லை வைத்து மருந்து கொடுத்தால், மனிதச் செல் சாகும், எலி பிழைக்கும். பார்ப்பவருக்குப் புற்றை மட்டும் தேடிக் கொல்லும் மருந்துபோலத் தோன்றும். உங்கள் அப்பாவின் கட்டியிலும் மனிதப் பம்ப், இதயத்திலும் மனிதப் பம்ப். கட்டிக்கு எட்டும் அளவு மருந்து போகும் முன்பே இதயம் அடிபடும். இந்தக் குடும்ப மருந்துகளெல்லாம் புற்றுநோய் விஷயத்தில் முட்டி நிற்கும் சுவர் இதுதான்.

இந்தத் துறை செத்துப்போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். டிஜாக்சினைச் சாப்பிடுபவர்களுக்குப் புற்றுநோய் எப்படிப் போகிறது என்றே பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள். ஒரு புற்றில் நல்லது போலவும், மார்பகப் புற்றில் கெடுதல் போலவும் முடிவுகள் முரணாக வந்தன. இதயத்தை விட்டுவிட்டுக் கட்டியை மட்டும் பிடிக்கும் எருக்கு மூலக்கூறை ஒருநாள் யாராவது செய்யலாம். உங்கள் மாணவர்களில் ஒருவரே செய்தாலும் எனக்கு மகிழ்ச்சிதான். இன்று எந்த நாட்டிலும் அப்படியொரு மருந்து இல்லை.

அண்ணனின் கண்

கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். பட்டை சுரண்டும்போது அண்ணனின் வலது கண்ணில் பால் தெறித்தது, வலி இல்லை, கொஞ்சம் புகைமூட்டமாகத் தெரிகிறது, தண்ணீரில் கழுவிவிட்டார், அவ்வளவுதான் என்று. உங்கள் கடிதத்தில் நான் இரண்டாவதாகப் பயந்தது இந்த வரிக்கு.

எருக்கம்பால் கண்ணில் பட்டால் பெரிதாக வலிக்காமலே இருக்கலாம். வலி இல்லை என்பதை வைத்து ஆபத்து இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கருவிழியின் உள்பக்கத்தில் ஒற்றை அடுக்குச் செல்கள் இருக்கின்றன. கருவிழிக்குள் நீர் தங்காமல் இறைப்பது அவற்றின் வேலை. இறைப்பதும் அதே சோடியம் பம்பை வைத்துத்தான். பால் அங்கே எட்டினால் பம்ப் நிற்கும், கருவிழி ஊறி மங்கும். சரியான சொட்டு மருந்தில் பெரும்பாலானவர்களுக்குப் பார்வை திரும்பிவிடும். ஆனால் இழந்த அந்தச் செல்கள் மறுபடி முளைப்பதில்லை. கடையில் தாமாகச் சொட்டு மருந்து வாங்கிப் போடாமல், தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். எருக்கம்பால் பட்டது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், கூச்சப்பட வேண்டாம். சதுர்த்திக்கு எருக்கம்பூ மாலை கட்டுகிறவர்களுக்கும் இதையே சொல்வேன்: கையைக் கழுவாமல் கண்ணைக் கசக்காதீர்கள், பட்டுவிட்டால் கால்மணி நேரமாவது ஓடும் நீரில் கழுவிவிட்டு நேரே மருத்துவரிடம் போங்கள்.

விற்றவரை என்ன செய்வது?

புற்றுநோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்து மருந்து விற்பதை 1954-ம் ஆண்டின் மாயமருந்து விளம்பரத் தடைச் சட்டம் அனுமதிப்பதில்லை. இதில் ஆங்கில மருந்து, நாட்டு மருந்து என்ற பேதம் கிடையாது. சித்த, ஆயுர்வேத மருந்துகளுக்கும் தயாரிப்பு உரிமம் வேண்டும். நச்சுச் சரக்குகள் என்று சட்டம் பட்டியலிட்டவை சேர்ந்திருந்தால், மருத்துவர் மேற்பார்வையில்தான் உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை லேபிளில் இருக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய படத்தில் பொட்டலத்தின் மேல் உரிம எண்ணும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. வீடியோவின் முகவரியையும் பொட்டலத்தின் படத்தையும் இணைத்து மாவட்ட ஆட்சியரிடம் மனுவாகக் கொடுக்கலாம். கொடுப்பதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். இப்போதைய அலைச்சலில் முடியாவிட்டால் பிறகு செய்யுங்கள், பொட்டலத்தை மட்டும் எறிந்துவிடாதீர்கள்.

சித்த மருத்துவத்தை நான் இதில் குறை சொல்லவில்லை. எருக்கை நஞ்சாகவே கருதி, சுத்தி செய்து (நச்சைத் தணித்து), அனுபானம் (மருந்தோடு சேர்த்துக் கொடுக்கும் பொருள்) பார்த்துக் கொடுத்த மரபு அது. படித்த சித்த மருத்துவர் யாரும் டிஜாக்சின் சாப்பிடும் கீமோ நோயாளிக்கு வேர்ப்பட்டையைத் தேனில் குழைத்துக் கொடுக்கச் சொல்ல மாட்டார். அந்த வழியில் ஆலோசனை வேண்டுமென்றால் கல்லூரியில் படித்துப் பதிவு பெற்றவரிடம் போங்கள். அப்பா சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் சீட்டையும் அவர் முன்னால் வையுங்கள்.

இனி என்ன செய்யலாம்?

டிஜாக்சினை மறுபடி தொடங்குவதா, எப்போது, எவ்வளவு என்பதை இதய மருத்துவர் சொல்லட்டும், நீங்களாகத் தொடங்க வேண்டாம். திருவனந்தபுரத்துக்கு அடுத்து போகும்போது இந்தப் பொடி விஷயத்தை மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார்களோ என்று அம்மா பயப்படுவதாக எழுதியிருந்தீர்கள். திட்டினாலும் பரவாயில்லை, குமட்டலுக்கும் களைப்புக்கும் காரணம் கீமோ என்று நினைத்து அவர்கள் கீமோவின் அளவைக் குறைத்துவிடக் கூடாது அல்லவா? ரத்தத்தில் டிஜாக்சின் அளவு பார்த்தால் எருக்கின் பொருள்கள் அந்தப் பரிசோதனையில் சரியாகக் காட்டாமல் போகலாம். "நார்மல்" என்று வந்தாலும் பொடி சாப்பிட்டதைச் சொல்லியே ஆக வேண்டும். அங்கே வலி, மூச்சுத்திணறல், பசியின்மை ஆகியவற்றைத் தணிக்கும் ஆதரவுச் சிகிச்சைப் பிரிவையும் பார்க்கக் கேளுங்கள். கைவிட்டவர்களை அனுப்பும் இடம் அது என்ற எண்ணம் நம்மிடம் இருக்கிறது. அது தவறு. கீமோவோடு சேர்த்தே அதைத் தொடங்கலாம். புதிய மருந்துச் சோதனை எதிலாவது அப்பா சேர முடியுமா என்றும் கேட்கலாம். முறையாகப் பதிவான சோதனையில் பணம் கேட்க மாட்டார்கள், ஆபத்தை எழுத்தில் சொல்வார்கள், உடல்நிலையைக் கவனமாகக் கண்காணிப்பார்கள்.

அப்புறம், அப்பா உங்களிடம் தனியாகச் சொன்ன வார்த்தை. "மக்ளே, கைச்சாலும் நான் குடிக்கேன். அவனுக்க மனசு நோவக்கூடாது பாத்துக்க." இதை அண்ணனிடம் நீங்கள் இன்னும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சொல்லுங்கள். குற்றம் சாட்டுவதுபோல் இல்லாமல், கண் மருத்துவரிடம் கூட்டிப்போகும் வழியில், இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது சொல்லுங்கள். அண்ணனுக்குக் கைவேலை வேண்டும் என்றேனே, அதையும் கொடுங்கள். தினமும் காலையில் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்து ஒரு முழு நிமிடம் நாடியை எண்ணி நோட்டில் தேதியோடு எழுதட்டும். 60-க்குக் கீழே போனால், அல்லது மறுபடி வாந்தி, மயக்கம், மஞ்சள் பார்வை வந்தால், மருத்துவமனைக்கு அழைத்துப்போக வேண்டியவர் அவர்தான். அப்பா மயங்கி விழுந்தால் 108-ஐ அழைக்க வேண்டியவரும் அவர்தான். எல்லா மருத்துவச் சீட்டும் அந்த நோட்டும் ஒரே பையில் இருக்கட்டும். அடுத்த முறை திருவனந்தபுரம் போகும்போது மருத்துவர் அறைக்குள் அப்பாவோடு அண்ணனையே அனுப்பிவையுங்கள்.